மறு: பாய்சுருட்டியில் திருகு ‘சீஸ்’ ஆவதற்கு என்ன சொல்?

வணக்கம்.

பாய்மரப் படகுக் கலைச்சொல் பட்டியலுக்காக, முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் (furler), அதன் திருகு அசையாமல் இறுகி ‘சீஸ்’ (seize) ஆவது, இவற்றுக்கெல்லாம் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டதால், தேவையான வரிகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

> ஃபர்லருக்கு ‘பாய்சுருட்டி’ கொச்சையாக இருக்கிறது. ‘முகப்புப்பாய்ச் சுருள்பொறி’ என்று வைக்கலாமே?

ஐயா, காலையில் "பாயைச் சுருட்டுடா" என்று அம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாம்? படகில் நடப்பதும் அதேதான். அணியத்திலிருந்து பாய்மர உச்சிக்குப் போகும் கம்பியின் மேல் நீளமான அலுமினியக் குழல் கோத்திருக்கும், முன்பாயின் விளிம்பு அதன் பள்ளத்தில் ஏறியிருக்கும், அடியில் இருக்கிற டிரம்மின் கயிற்றை இழுத்தால் குழல் சுழன்று பாய் அதன் மேல் சுருண்டுகொள்ளும். இதற்குப் பொறி எல்லாம் வேண்டாம். பாய்சுருட்டியே இருக்கட்டும்.

> ‘சீஸ்’ ஆனதற்குத் ‘துருப்பிடித்தல்’ போதும். புதுச்சொல் எதற்கு?

இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. போன மாதம் சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் நண்பரின் படகில் டிரம்மைக் கழற்ற உட்கார்ந்தோம். தலையில்லாத அலன் திருகு (அறுகோணக் குழியில் சாவி விட்டுத் திருகுவது) நான்கு, ஒன்றுகூட அசையவில்லை. நானும் துரு என்றே நினைத்துக் கடையில் கிடைத்த துருநீக்கி எண்ணெயை இரண்டு நாள் அடித்துப் பார்த்தேன், சாவியின் முனை உருண்டதுதான் மிச்சம். அப்புறம் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்தோம். குனிந்து பார்த்தவர் சொன்னது: "இது துரு இல்லப்பா, பூத்துப்போய் இறுகிக்கிச்சு. தட்டாத, சூடு காட்டு."

அவர் சொன்னதில் அறிவியல் முழுதும் இருக்கிறது. திருகு எவர்சில்வர், உடம்பு அலுமினியம், நடுவில் உப்புத்தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரிதான், அதில் கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடிக்குத் தின்னப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், ஆனால் மரைக்குள் இடம் ஏது? அதனால் திருகை நெரிக்கிறது. செந்துரு ஒரு துளிகூட இல்லை. துரு என்று பெயர் வைத்தால் படிப்பவனும் என்னைப் போலத் துருநீக்கியைத் தேடித்தான் ஓடுவான்.

ஆக என் பரிந்துரை: பூத்திறுகல். வினையாக ‘பூத்திறுகு’, பெயரெச்சமாக ‘பூத்திறுகிய திருகு’. சொல்லிலேயே காரணமும் விளைவும் இருக்கின்றன.

> ‘பூத்தல்’ என்றால் மல்லிகைதான் நினைவுக்கு வரும்.

மழைக்காலம் முடிந்ததும் உங்கள் தரைத்தளச் சுவரைப் பாருங்கள், "உப்பு பூத்திருக்கு" என்று நீங்களே சொல்வீர்கள். நீறு பூத்த நெருப்பு என்பதும் இருக்கிறதே. மேலே வெள்ளையாகப் படிவதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வினைதான்.

‘உறைதல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார், அது ரத்தத்துக்கும் தயிருக்கும் இருக்கட்டும். ‘முடக்கம்’ இணையதளத்துக்குப் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. எல்லா ‘சீஸ்’க்கும் இதே சொல்லைப் போடக் கூடாது. எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்வது வேறு. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை வேகமாக முடுக்கும்போது பாதி வழியில் உலோகத்தோடு உலோகம் ஒட்டி நின்றுவிடுமே, அதுவும் வேறு; அதற்கு ‘கவ்வல்’ என்று வைக்கலாம். கவ்வியதைப் பலம் போட்டுத் திருகினால் இன்னும் கவ்வும், பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பூத்திறுகியதைப் பொறுமையாக இளக்கி எடுத்துவிடலாம். வைத்தியம் வேறாக இருப்பதால் பெயரும் வேறாக இருப்பது நல்லது.

விடுவிப்பதற்கு ‘இளக்குதல்’ என்ற பழைய சொல்லே போதும் என்கிறேன். பெனட்ரேட்டிங் ஆயிலுக்கு ‘ஊடுருவு எண்ணெய்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். ‘இளக்கெண்ணெய்’ என்றால் பட்டறைப் பையனுக்கும் புரியும்.

சொல் தாங்குகிறதா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"டிரம்மின் திருகு பூத்திறுகியிருந்தால் முதலில் நன்னீரால் கழுவி உப்பை எடுக்கவும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு ராத்திரி விடவும், வெள்ளைப்பூ கரையும். கழுவித் துடைத்துக் காயவிட்டு, திருகைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்குச் சூடுகாற்று காட்டவும். 100 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 மி.மீ. நீளும், எவர்சில்வர் சுமார் 1.6 மி.மீ.தான், அந்த வித்தியாசம்தான் மரையை இளக்கும். பிளாஸ்டிக் குண்டுகள் உள்ள பேரிங்கை முன்பே கழற்றிவிடவும். சூடு ஆறிய பிறகு இளக்கெண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கவும்."

எங்கள் நான்கில் மூன்று இப்படித்தான் வந்தன. நான்காவது, சாவி போடும் குழியை நான் ஏற்கெனவே உருட்டி வைத்தது, அதைத் துளைபோட்டுத்தான் எடுத்தோம். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். திரும்பப் பூட்டும்போது மரையில் தடவுகிற பசைக்கு ‘இடைப்பசை’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

பாயோடு மேலேறிப் போகும் சுழல் துண்டுக்கு ‘மேல்சுழலி’ என்று எழுதியிருக்கிறேன், அதில் எனக்கே திருப்தி இல்லை. அதை இழுத்து ஏற்றும் கயிற்றுக்கு ‘ஆஞ்சான்’ என்று அகராதியிலேயே இருக்கும்போது, அதோடு சேர்த்து ‘ஆஞ்சான் சுழலி’ என்று வைத்தால் என்ன?