த ஜட்ஸ்: இருவர் பாடிய குழுவா, வைனோனாவின் குரலுக்கு வைத்த இன்னொரு பெயரா?

ஸ்டீல்கிட்டார்:
அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் பெண் இணை (இருவர் சேர்ந்து பாடும் குழு) என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் த ஜட்ஸைத்தான் சொல்கிறார்கள். அம்மா நவோமி, மகள் வைனோனா. 1984 முதல் 1989 வரை பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாடல் பட்டியலில் 14 பாடல்கள் முதலிடம், இருவரும் சேர்ந்து 5 கிராமி விருது. இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர்களை 'இணை' என்று சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. எந்த ஹிட்டை எடுத்தாலும் முன்னால் நிற்பது வைனோனாவின் குரல். பல்லவியில் அம்மா கூடச் சேர்ந்துகொள்வார், அவ்வளவுதான். 1984இல் வந்த முதல் சிறு ஆல்பத்தின் பெயரே 'வைனோனா அண்ட் நவோமி'. மகள் பெயர்தான் முதலில்! 1991 டிசம்பரில் இணை கலைந்தது. அடுத்த வருடமே வைனோனாவின் முதல் தனி ஆல்பம் வந்து, அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் வாங்கியது. அதிலிருந்து சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளியிட்ட முதல் மூன்றும் முதலிடம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மதுரவல்லி:
ஆக, நவோமி உப்புக்குச் சப்பாணி என்கிறீர்கள்.

அந்தக் குரல் வெளியே வந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் பக்கத்தில் உள்ள ஃபிராங்க்ளினில் நவோமி நர்ஸாக வேலை பார்த்தார். கார் விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்ணைக் கவனித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் அப்பா பிரெண்ட் மேஹர், இசைத் தயாரிப்பாளர். வீட்டில் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்த கேசட் ஒன்றை நவோமி அவர் கையில் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1983இல் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தார் முன்னால் நேரில் பாடிக்காட்டும் வாய்ப்பும் ஒப்பந்தமும் வந்தன. அப்போது வைனோனாவுக்கு 18 வயது.

ஸ்டீல்கிட்டார்:
கேசட் கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் அது மேனேஜர் செய்கிற வேலை. நான் பாட்டைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் தாயுள்ளத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மதுரவல்லி:
பாட்டுக்கே வருகிறேன். அவர்களுக்கு முதன்முதலில் முதலிடம் வாங்கித் தந்தது 'மாமா ஹீஸ் கிரேஸி'. கென்னி ஓடெல் எழுதியது. காதலில் விழுந்த மகள், "அவன் என் மேல் பைத்தியமாக இருக்கிறான்" என்று அம்மாவிடம் சொல்கிற பாட்டு. அந்த அம்மா பக்கத்தில் நின்று கூடவே பாடுகிறார். வேறு யாரை நிற்க வைத்தாலும் அது இன்னொரு காதல் பாட்டு, அவ்வளவுதான். முன்குரல் யாருடையது என்று மட்டும் பார்த்தால் இது காதில் விழாது.

பக்கவாத்தியம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே டான் பாட்டரை மறந்துவிட்டீர்கள். த ஜட்ஸ் பாடல்களில் கேட்கிற அந்த அக்கூஸ்டிக் கிட்டார் அவருடையது. 80களின் தொடக்கத்தில் நாஷ்வில் எப்படி இருந்தது? 1980இல் வந்த 'அர்பன் கவ்பாய்' படத்துக்குப் பிறகு கன்ட்ரி பாடல்களில் பாப் வாசம் தூக்கலாக இருந்தது, வயலின் கூட்டமும் சேர்ந்துகொண்டது. மேஹரும் பாட்டரும் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கிட்டாரையும் குரல்களையும் முன்னால் வைத்தார்கள். வாத்தியம் குறைந்தால் என்ன ஆகும்? இரண்டாவது குரல் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. நவோமி பெரிய பாடகி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒலியமைப்பே இரண்டு குரலுக்காகப் போட்ட அளவு.

ஸ்டீல்கிட்டார் அண்ணன் சாட்சிக்கு அழைக்கும் 1992 ஆல்பத்தைத் தயாரித்தவர் டோனி பிரவுன். அதில் ராக், காஸ்பெல், ப்ளூஸ் என்று வேறு இசை வகைகளெல்லாம் கலந்து வந்தன. வைனோனா தனியாக நிற்கக் கூடியவர் என்பதற்கு அது சாட்சி. த ஜட்ஸ் என்பதே வைனோனாதான் என்பதற்கு அது எப்படிச் சாட்சியாகும்? கடையே வேறு, சரக்கும் வேறு.

ஸ்டீல்கிட்டார்:
தம்பி, கடை மாறியும் கூட்டம் வந்ததே, அது யாருக்காக?

பக்கவாத்தியம்:
வந்தது. ஆனால் இணையாக 14 முதலிடம், தனியாக 4. அதில் மூன்று அந்த முதல் ஆல்பத்தோடு முடிந்தன, நான்காவது 1996இல்.

ஸ்டீல்கிட்டார்:
90களில் போட்டி வேறு மாதிரி இருந்தது, தம்பி. அண்ணன் என்றாவது கொஞ்சம் இரக்கம் காட்டு. கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் ஸ்டேடியம் நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது.

நாஷ்வில்நாடோடி:
நவோமி எழுதியதையும் சேருங்கள். பால் ஓவர்ஸ்ட்ரீட், ஜான் ஜார்விஸ் ஆகியோருடன் சேர்ந்து 'லவ் கேன் பில்ட் எ பிரிட்ஜ்' எழுதி, சிறந்த கன்ட்ரி பாடலுக்கான கிராமியைப் பாடலாசிரியராகத் தனியே வாங்கினார்.

அப்புறம், இணை கலைந்தது மகள் தனியாகப் போக ஆசைப்பட்டதால் அல்ல. நவோமிக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்று. நர்ஸ் வேலையின்போது ஊசி குத்தித் தொற்றியிருக்கும் என்பது அவருடைய எண்ணம். உடல் இடம் கொடுக்காததால் 1991இல் விடைபெறும் பயணம் போனார்கள். கடைசிக் கச்சேரி டிசம்பர் 4, டென்னசியில் மர்ஃப்ரீஸ்பரோ நகரில். உச்சத்தில் இருந்தபோதே நிறுத்திவிட்டார்கள். 1988 முதல் 1991 வரை சிஎம்ஏவின் (கன்ட்ரி இசைச் சங்கம்) சிறந்த இணை விருது நான்கு வருடமும் அவர்களுக்குத்தான். அதற்குப் பிறகு புரூக்ஸ் அண்ட் டன் என்ற ஆண் இணை வந்து அந்த விருதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். இருவரும் பெண்களாக உள்ள வேறெந்த இணையும் இன்றுவரை அதை வாங்கவில்லை. மேடி அண்ட் டே என்ற பெண் இணை கூட! 2014இல் அவர்களுடைய முதல் பாட்டே வானொலிப் பட்டியலில் முதலிடம் போனது. அப்படியும் கிடைக்கவில்லை.

ஸ்டீல்கிட்டார்:
விருதுப் பட்டியலைக் காட்டி என்னை மடக்க முடியாது. விருது பெயருக்குக் கொடுப்பது, குரலுக்கு அல்ல. கொஞ்சம் கடுமையான ஒன்றையும் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 30 அன்று நவோமி இறந்தார். மறுநாள் த ஜட்ஸைக் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் சேர்க்கும் விழா. வைனோனா போய் நின்று அழுதுகொண்டே பேசினார். அந்த வருடமே முன்பு அறிவித்திருந்த சுற்றுப்பயணத்தையும் நடத்தினார். அம்மா இல்லாமலே பாட்டுகள் நின்றன.

மதுரவல்லி:
நின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேர் தாங்கிப் பிடித்தார்கள்? பிராண்டி கார்லைல், மார்ட்டினா மெக்பிரைடு என்று மேடைக்கு மேடை பெயர்பெற்ற பாடகிகள் வந்து அந்த இடத்தில் நின்றார்கள். துணைக்குரல்தானே என்றால், சம்பளத்துக்கு ஒரு பாடகியை வைத்துக்கொண்டு போயிருக்கலாமே?

ஸ்டீல்கிட்டார்:
அது அஞ்சலி. இசைத் தேவை அல்ல.

மதுரவல்லி:
சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். வைனோனாவுக்குச் சொந்தமாக ஹிட்கள் இருக்கின்றன, 30 வருடத் தனிப் பெயர் இருக்கிறது. அப்படியும் அந்தப் பயணத்தை 'த ஜட்ஸ்' என்ற பெயரிலேயே ஏன் நடத்தினார்?

ஸ்டீல்கிட்டார்:
டிக்கெட் விற்க வேண்டாமா அம்மா!

மதுரவல்லி:
அதைத்தானே ஐயா நானும் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.