மாரி தொடங்கியதும் வீடெல்லாம் சிலந்தி. மருந்து அடிக்காமல் வழி இருக்கிறதா?

குளத்தடி வீடு (கிளிநொச்சி)

வணக்கம். எங்கள் வீடு இரணைமடுப் பக்கம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஓட்டு வீடு. மாரி தொடங்கியதிலிருந்து ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரே வலை. வெள்ளிக்கிழமை தும்புத்தடியால் ஒட்டறை அடித்தால் திங்கட்கிழமை திரும்பவும் கட்டியிருக்கிறது. மகனுக்கு ஒன்றரை வயது, நிலத்தில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறான். அதனால் கடை மருந்து அடிக்க மனமில்லை. தேசிக்காய்த் தோலை யன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தேன், பலன் இல்லை. போன கிழமை விறகுக்குள்ளிருந்து கையளவு மயிர்ச் சிலந்தி ஒன்று வேறு வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வீட்டுச் சாமானை வைத்துச் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

முல்லைக் கரை

வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஸ்பிரே போத்தலில் அடியுங்கள். சிலந்தியின் மேல் நேரே பட்டால்தான் வேலை செய்யும். சீமெந்துத் தரையில் நிறைய விடாதீர்கள், அரிக்கும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

மாங்குளம் அக்கா

தங்கச்சி, முதலில் உங்கள் வாசல் லைற்றைப் பாருங்கள். எங்கள் விறாந்தையில் வெள்ளைக் குமிழ் விடிய விடிய எரியும். மாரியில் ஈசலும் பூச்சியும் அதில்தான் மொய்க்கும். இரை மொய்க்கும் இடத்தில்தானே சிலந்தி வலை கட்டும். குமிழை மஞ்சளாக மாற்றி, வாசலை விட்டுக் கிணற்றடிக் கம்பத்தில் கட்டினோம். அதற்குப் பிறகுதான் வலை குறைந்தது.

அப்புறம், வலையை அடித்தால் மட்டும் போதாது. மூலையில் பஞ்சு உருண்டை மாதிரி ஒட்டியிருப்பது முட்டைப் பை. சில பைகளிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். நான் தும்புத்தடியில் பழைய சாரத் துண்டைச் சுற்றி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்து அடுப்புக்குள் போடுவேன். ஓட்டு இடைவெளிக்கு நுளம்பு வலைத் துண்டு அடித்துவிடுங்கள். வேப்பிலைப் புகை போடுவதென்றால் பிள்ளையை வெளியே கொண்டுபோய்விட்டுப் போடுங்கள்.

மயிர்ச் சிலந்தியை அடித்துக் கொல்லாதீர்கள். அது புலிமுகச் சிலந்தியாக இருக்கலாம். எங்கள் மாங்குளத்தில், பழைய ஆஸ்பத்திரியின் டொக்டர் குவாட்டர்ஸுக்குள்ளும் இருந்த ஓர் இனத்தை 2012இல் புதிய இனமென்று அறிவித்தார்கள். பொயிசிலோதீரியா ராஜாயி என்று பெயர். தேடித் திரிந்த ஆராய்ச்சியாளர்களுக்கு உதவிய பொலிஸ்காரர் ஒருவரைக் கௌரவித்து வைத்தது. காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும். பழைய மரப் பொந்துதான் அதன் வீடு. நாங்கள் மரத்தைத் தறித்தபடியால்தான் அது சுவருக்கு வருகிறது. கையால் மட்டும் தொடாதீர்கள். கடித்தால் கடும் நோவும் தசைப்பிடிப்பும் வரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாளியைக் கவிழ்த்து, அடியால் தடித்த மட்டையைச் செருகி, தூரத்து மரத்தடியில் விடுங்கள். விறகை வீட்டுச் சுவரில் சாத்தி அடுக்கவும் வேண்டாம்.

வவுனியா வடக்கு

தேசிக்காய்த் தோல் சரிவராததில் ஆச்சரியமில்லை. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலுமிச்சை எண்ணெய் சிலந்தியைத் துரத்தவில்லை, புதினா வகை எண்ணெய்க்குச் சில இனங்கள் விலகின. ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த எண்ணெயை எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது. பூனைக்கும் அது நஞ்சு.

குளத்தடி வீடு (கிளிநொச்சி)

அக்கா, நீங்கள் சொன்னபடி செய்து 9 நாள் ஆகிறது. வீட்டில் பூனை இருப்பதால் எண்ணெயை விட்டுவிட்டேன். கூரை மூலைகளில் மட்டும் 4 முட்டைப் பை இருந்தது. நான் இவ்வளவு நாளும் அதைத் தூசி என்றே நினைத்திருந்தேன். லைற்றைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டோம். இன்று காலை பார்த்தேன், குசினியில் 2 வலைதான். விறகு இப்போது கொட்டில் பக்கம். மயிர்ச் சிலந்தியைத் திரும்பக் காணவில்லை. வாளியையும் மட்டையையும் விறாந்தையிலேயே வைத்திருக்கிறேன். அவருக்கும் எப்படிப் பிடிப்பதென்று காட்டிக்கொடுத்துவிட்டேன்.