நாவலில் ஒரு சட்டச் சிக்கல்: போலீஸ் நடைமுறை தெரிந்தவர்கள் உதவுங்கள்

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். எட்டு மாதமாக எழுதிவரும் துப்பறியும் நாவல் 14வது அத்தியாயத்தில் அப்படியே நின்றுவிட்டது.

கதை 2025 நவம்பர், விடாத மழை. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு, பொருளைத் தொட்டால் அதற்குரியவருக்கு நடந்தது கண்முன் வரும். காணாமல்போன பையனின் நீல ஸ்வெட்டரைத் தொடுகிறாள். எஸ்டேட் உரக் கிடங்கு, ஈர மூட்டைக்கு அடியில் திரை உடைந்த செல்போன். இந்தக் காட்சியை நான் மிகவும் நேசித்து எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் அவளை நம்புகிறார். ஆனால் வாரண்ட் இல்லாமல் சோதிக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 185வது பிரிவுப்படி நியாயமான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 105வது பிரிவுப்படி சோதனையை வீடியோவும் எடுக்க வேண்டும். 'தொட்டுச் சொன்னாள்' என்று எப்படி எழுதுவார்?

மொட்டைக் கடுதாசி வைத்துப் பார்த்தேன், அவள் சக்திக்கு வேலையே இல்லாமல் போனது. மழையில் கிடங்குச் சுவர் இடிவதாக எழுதினேன், அது வெறும் தற்செயல், கிழித்துவிட்டேன். ஊட்டியில் ஒரு வக்கீல் வாரண்ட் வாங்கலாமே என்றார். சரி, மாஜிஸ்திரேட்டிடமும் காரணம் சொல்ல வேண்டுமே.

அவள் சொன்னதை வைத்தே விசாரணையைத் தொடங்கும் இன்ஸ்பெக்டர், அந்தக் கிடங்கைச் சோதிக்க எந்தக் காரணத்தை எழுதினால் சட்டப்படி நிற்கும்?