பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நடைபாதை இல்லாத ரோட்டில் எந்தப் பக்கம் நடப்பது?

வேலைக்கோ படிப்புக்கோ பெங்களூரு வந்து இறங்கியவர்களுக்கு வீட்டு அட்வான்ஸ், கேஸ் இணைப்பு, மெட்ரோ கார்டு பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ரோட்டில் நடப்பது பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் வந்த புதிதில் கையில் வண்டி இருக்காது. மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து பி.ஜி.க்கு (தங்கும் விடுதிக்கு), பி.ஜி.யிலிருந்து மெஸ்ஸுக்கு, லேஅவுட் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு, எல்லாமே நடைதான். பெல்லந்தூர், வர்த்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் குடியேறியிருந்தால் பல இடங்களில் நடைபாதையே கண்ணில் படாது.

2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் 32,825 பேர் வண்டியில் போனவர்கள் அல்ல, நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதனால்தான் இதற்கென்றே தனியாக ஒரு பதிவு.

முதலில் விஷயம். நடைபாதை இருந்தால் அதில் நடங்கள், எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. நடைபாதை இல்லாவிட்டால் ரோட்டின் வலது ஓரமாக நடங்கள். பக்கத்தில் ஓடும் வண்டி உங்களுக்கு எதிரே வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் வரக் கூடாது.

“சின்ன வயசுல இருந்து இடது பக்கமாப் போன்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க?” என்று உடனே கேட்பீர்கள். இடது பக்கம் என்பது வண்டிக்கு. சைக்கிளும் வண்டிதான், அதுவும் இடது பக்கம்தான் போக வேண்டும். நடந்து போகிறவருக்குக் கண்ணாடி கிடையாது, பின்னால் விளக்கு கிடையாது. இடது ஓரத்தில் நடந்தால் பின்னால் வருவதைக் காதால் மட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். பெங்களூரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. பக்கத்தில் வந்து உரசுகிற வரை பல ஸ்கூட்டர்கள் சத்தமே தராது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 30 மீட்டர் தள்ளி வரும்போதே பார்த்துவிட்டால் இரண்டரை நொடிக்கு மேல் கிடைக்கும். ஓரம் ஒதுங்க அது போதும். பின்னால் வந்தால் அந்த நேரம் உங்கள் கையில் இல்லை. ஓட்டுகிறவர் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நம்மைப் போலவே இடது பக்கம் வண்டி ஓட்டும் பிரிட்டனில், சாலை விதிப் புத்தகத்தின் இரண்டாவது விதியே இதுதான்: நடைபாதை இல்லையென்றால் வலது பக்கம் நட, எதிரே வருவதைப் பார்த்து நட. ஜப்பானில் வண்டி இடது பக்கம், மனிதர் வலது பக்கம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2013-இல் வெளியான ஒரு ஃபின்லாந்து ஆய்வு, வண்டிகளை எதிர்நோக்கி நடப்பவர்களுக்கு விபத்து ஏறக்குறைய முக்கால் பங்கு குறைகிறது என்று காட்டியது.

இது பொது விதி. பெங்களூரில் இதை அப்படியே பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. சில இடங்களில் யோசித்துத்தான் நடக்க வேண்டும்.

வலது பக்கம் என்று சொன்னதும் சிலர் நடுவில் தடுப்பு உள்ள ரோட்டில் மீடியன் ஓரமாக நடக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அங்கே வேகமான வண்டிகள் ஓடும், அதுவும் உங்களுக்குப் பின்னாலிருந்து வரும். தடுப்பு உள்ள ரோட்டில் வலது பக்கம் என்றால் முழு ரோட்டையும் தாண்டிய அந்தக் கடைசி ஓரம். அங்கே போக ஒழுங்கான கிராசிங்கோ நடைமேம்பாலமோ இருந்தால் போங்கள். அதற்காக மட்டும் ஆறு லேன் ரோட்டைக் குறுக்கே கடக்காதீர்கள். கொஞ்ச தூரம் இடது ஓரமாக நடப்பதைவிட இரண்டு முறை ரோட்டைக் கடப்பது ஆபத்து. பஸ் ஸ்டாப் நூறு அடியில் இடது பக்கமே இருந்தால் அப்படியே போய்விடுங்கள், அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு.

அடுத்தது ராங் சைடு. வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடுகளில் நடந்தவர்களுக்கு இது தெரியும். யூ-டர்ன் தூரத்தில் இருக்கிறது என்று பைக்காரர்கள் ஓரத்தை ஒட்டியே எதிர்த்திசையில் வருவார்கள். நீங்கள் விதிப்படி வலது ஓரத்தில் நடந்தால் அவர்கள் உங்களுக்குப் பின்னாலிருந்துதான் வருவார்கள். “அப்போ இடது பக்கமே நடக்கலாமே?” என்று சிலர் வாதாடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராங் சைடில் வருவது பெரும்பாலும் பைக். லாரி, பஸ், தண்ணீர் டேங்கர் எல்லாம் நேர்வழியில்தான் வருகின்றன. கனமான வண்டி கண் முன்னால் இருக்கட்டும். பைக்குக்காகக் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்: பெட்ரோல் பங்க் வாசல், அபார்ட்மெண்ட் கேட், யூ-டர்னுக்கு முந்தைய நீளம் ஆகிய இடங்களில் பத்தடிக்கு ஒரு தடவை இடது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம்.

ஒன்வே ரோட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் வண்டி ஒரே திசையில்தான் வரும். வண்டி போகும் திசையிலேயே நீங்களும் போக வேண்டியிருந்தால் இரண்டு ஓரமும் ஒன்றுதான். அகலமான ஓரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கூர்மையான வலது வளைவு வந்தால் வளைவுக்கு முன்பே இடது பக்கம் மாறிவிடுங்கள், தாண்டியதும் திரும்ப வலது பக்கம் வாருங்கள். வலது வளைவின் உள்பக்கத்தில் நீங்கள் இருந்தால், சுவரோ மரமோ மறைத்து, எதிரே வருகிறவர் உங்களைக் கடைசி நேரத்தில்தான் பார்ப்பார். பழைய ஊர்களை விழுங்கி வளர்ந்த நகரம் இது. வர்த்தூர், பேகூர் பக்கத்து ரோடுகள் கிராமத்துப் பாதையின் வளைவுகளோடு அப்படியே இருக்கின்றன, ஓடுகிற வண்டிகள் மட்டும் மாறிவிட்டன.

நடைபாதை இருக்கிற இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு போன்றவற்றை டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் நன்றாகச் செய்திருக்கிறார்கள், நிம்மதியாக நடக்கலாம். மற்ற பல இடங்களில் நடைபாதை என்று நாம் மிதிப்பது மழைநீர்க் கால்வாயின் மூடி. கல் பலகைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கியிருப்பார்கள். நன்றாக உட்கார்ந்த கல் மிதித்தால் சத்தம் போடாது. ஆடுகிற கல்லின் ஓரத்தில் கால் வைத்தால் டக்கென்று ஒரு பக்கம் தாழும், மறுமுனை ஒரு விரல்கடை எழும்பும், அடுத்து வருகிறவரின் செருப்பு அதில் தட்டும். இரண்டு கல்லுக்கு நடுவே பாதம் நுழைகிற அளவு இடைவெளியும் இருக்கும். அதனால் கல்லின் நடுவில் கால் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். மழை பெய்து தண்ணீர் நிற்கும்போது ஓரத்துத் தண்ணீருக்குள் கால் விடவே கூடாது. கீழே கல் இருக்கிறதா, திறந்த கால்வாயா என்று மேலிருந்து தெரியாது. அந்த நேரத்தில் ரோட்டில் இறங்கி, வண்டிகளை எதிர்நோக்கி, மெதுவாக நடப்பதுதான் நல்லது.

இது நம் தலையெழுத்து என்று விட்டுவிடவும் கூடாது. குடியிருப்புப் பகுதியில்கூடத் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் நடக்க இருக்க வேண்டும் என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத, மாற்றுத்திறனாளிகளும் நடக்கத்தக்க நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று சொல்லி, மாநிலங்கள் வழிகாட்டு நெறிகள் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கை 2012-இல் தொடுத்தவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன். உடைந்த எலும்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரு மருத்துவர், எலும்பு ஏன் உடைகிறது என்று கேட்டு நீதிமன்றம் போனார். வார்டு அலுவலகத்தில் நடைபாதை பற்றிப் புகார் எழுதும்போது இந்த உத்தரவைத் தாராளமாகக் குறிப்பிடுங்கள்.

இனி, வாசகர்கள் சிலர் கேட்டிருந்த கேள்விகள்.

மதுரையிலிருந்து வரும் தம்பி கேட்டிருந்தார்: ஆம்னி பஸ் விடிவதற்கு முன்பே ஓசூர் ரோட்டில் இறக்கிவிடுகிறது, பையோடு எப்படி நடப்பது? தம்பி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா, எங்கே இறங்கினாலும் பஸ் போகிற வரை ஓரத்தில் நில்லுங்கள். பஸ்ஸுக்கு முன்னால் கடக்கவே கூடாது. பஸ்ஸைத் தாண்டி வரும் வண்டிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், பஸ் மறைக்கும். மெயின் ரோட்டை விட்டு சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் சுற்றாக இருந்தாலும் நடைமேம்பாலம்தான். இருட்டில் ஆட்டோவுக்காக ரோட்டுக்குள் இறங்கி நின்று கை காட்டாதீர்கள், ஆப்பில் கூப்பிட்டுவிட்டு வெளிச்சமுள்ள கடை வாசலில் காத்திருங்கள்.

ஒயிட்ஃபீல்டில் இருக்கும் அக்கா, பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவின் காலை நடை பற்றிக் கேட்டிருந்தார். இந்தக் கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஊரில் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நடப்பார், தூரத்திலிருந்தே தெரியும். இங்கே குளிர் என்று அதன் மேல் பழுப்பு ஸ்வெட்டர், தலையில் கறுப்புக் குல்லா, அம்மா கரும்பச்சை சால்வை. விடியாத நேரத்தில் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அவர்கள் இல்லவே இல்லை. வெளிர் நிற ஸ்வெட்டர் வாங்கிக் கொடுங்கள். ஒளி பிரதிபலிக்கும் பட்டி ஒன்றைக் கையில் கட்டிவிடுங்கள், விலை அதிகமில்லை. வெளிச்சம் வந்த பிறகு கிளம்பச் சொல்லுங்கள். இருவரும் பேசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். ரோட்டில் ஒருவர் பின் ஒருவராக, பார்க்கிலோ ஏரிக்கரைப் பாதையிலோ சேர்ந்து. “இத்தனை வருஷமா இடது பக்கம்தான் நடக்கிறேன்” என்று அப்பா சொன்னால் வாதாடாமல் ஒரு நாள் கூடவே போய் வலது ஓரமாக நடந்து காட்டுங்கள். எதிரே வருகிற வண்டியைத் தானே பார்த்து ஒதுங்கும்போது அவருக்கே புரிந்துவிடும்.

குழந்தையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: வலது ஓரத்தில் நடக்கும்போது வண்டி உங்கள் இடது பக்கம் ஓடும். அதனால் குழந்தை உங்கள் வலது கையில். விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். கைப்பையும் வலது தோளில் இருக்கட்டும், பைக்கில் வந்து பறிப்பவருக்கு எட்டாது.

இங்கிருந்து ஆன்சைட், அதாவது கம்பெனி வேலையாக வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. “வலது பக்கம்” என்று மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறாதீர்கள், “வண்டியைப் பார்த்து” என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவில் வண்டி நம்மைப் போல இடது பக்கம், நீங்கள் வலது பக்கம். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, துபாயில் வண்டி வலது பக்கம், அங்கே நடைபாதை இல்லாத ரோட்டில் நீங்கள் இடது ஓரம். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே இடது ஓரமாக நடக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பதைவிடக் கடப்பதுதான் புதிதில் தடுமாற வைக்கும். நமக்கு முதலில் வலது பக்கம் பார்த்தே கழுத்து பழகியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் முதல் வண்டி இடது பக்கத்திலிருந்து வரும். இந்தக் குழப்பத்துக்காகவே லண்டனில் கிராசிங் தரையில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போன முதல் சில வாரம் இரண்டு பக்கமும் பார்த்து, திரும்ப ஒரு முறை பார்த்து, பிறகு கால் வையுங்கள்.

கடைசியாக, தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழு ஒன்று கேட்டிருந்தது. ஐந்தாறு பேர் என்றால் வலது ஓரம், ஒருவர் பின் ஒருவராக. பெரிய கூட்டம் சட்டென்று ஓரம் ஒதுங்க முடியாது. அதனால் பிரிட்டன் விதி பெரிய குழுக்களை மட்டும் இடது பக்கமே போகச் சொல்கிறது, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் ஒளிரும் உடை போட்டு வண்டிகளைக் கவனித்து வர. அதையே நீங்களும் செய்யலாம். பைகளின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், வழியில் போலீஸ்காரர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் முன்னால் போகிறவர் கையில் வெள்ளை டார்ச், கடைசியில் வருகிறவர் கையில் சிவப்பு விளக்கு. கடைசி ஆளாக, களைத்துப் பின்தங்கியவரை விடாமல், நன்றாக நடக்கக்கூடிய ஒருவரை நிறுத்துங்கள்.