கராஜில் கட்டிய விமானத்தில் பிள்ளையை ஏற்றலாமா?

ஆஸ்டின் ரிவெட்:
போன ஞாயிறு வீட்டுக்கு வந்த நண்பர் என் கராஜை எட்டிப் பார்த்துவிட்டு, "இது பறக்கும் சவப்பெட்டி, இதில் பிள்ளையை ஏற்றுவது பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் கட்டுவது ஆர்வி-7. இரண்டு பேர் அருகருகே உட்காரும் அலுமினிய விமானம், ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வனின் வடிவமைப்பு. அவர் கம்பெனியின் கிட்டுகளை (நாமே சேர்த்துக் கட்டும் பாகத் தொகுப்புகளை) வாங்கிக் கட்டி 11,000க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன. எனக்கு வால் பகுதி முடிந்துவிட்டது. இறக்கைகள் சுவரோரம் தாங்கியில் நிற்கின்றன. அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட வேலைதான். பாதிக்கு மேற்பட்ட வேலையை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ நாமே செய்திருந்தால், பரிசோதனை வகையில் சான்றிதழ் கொடுப்பார்கள். 51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். முடித்ததும் என் மகளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷ ஆசை. நண்பர் சொன்னது சரியா?

கோவை லேத்:
வார்த்தை கடுமை, விஷயம் சரி.

26 வருஷமாக பம்ப்செட் பாகங்கள் கடைகிறேன். என் பட்டறையில் ஒரு பீஸைச் செய்தவனே அதைப் பாஸ் பண்ண விடமாட்டேன். அவன் நல்ல வேலைக்காரனாகவே இருக்கட்டும், தன் கையால் செய்ததில் இருக்கும் பிழை அவன் கண்ணில் படாது. அளந்து பார்க்க வேறு ஆள், வேறு கேஜ். உங்கள் கராஜில் செய்பவரும் நீங்கள், பார்ப்பவரும் நீங்கள். பம்ப் நின்றால் வயலுக்குத் தண்ணீர் வராது, அவ்வளவுதான். உங்களுடையது நின்றால்?

2023இல் ஒரு பெரிய கிட் கம்பெனிக்கு நடந்தது நினைவிருக்கும். தகடுகளைச் சேர்க்கும் ஆணிதானே ரிவெட், அதற்காக லேசரில் வெட்டிய துளைகளுக்கு டிம்பிள் (ஆணித்தலை படியும் குழி) போட்டபோது விளிம்பில் விரிசல் விட்டது. தொழிற்சாலையிலேயே இப்படி நழுவுகிறது. இன்னொன்று, அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012இல் விட்ட அறிக்கை. தனியார் சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம்தான். ஆனால் 2011இல் உயிர் போன விபத்துகளில் அவற்றின் பங்கு 21 சதவீதம். இதைப் படித்த பிறகும் எப்படித் தம்பி மகளை ஏற்றுவீர்கள்?

ஆஸ்டின் ரிவெட்:
அண்ணா, அந்த அறிக்கையை நானும் படித்தேன். அதை முழுக்கப் பாருங்கள். இறக்கை பிய்ந்து விழுவது, ரிவெட் விடுவது போன்ற உடைசல்கள் அதில் அபூர்வம். அதிகம் வருவது இரண்டு: இன்ஜின் மக்கர் பண்ணுவது, விமானம் பைலட்டின் கட்டுப்பாட்டை விட்டுப் போவது. விபத்தானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி ஓட்டியவை. அப்படியானால் பயப்பட வேண்டியது தகட்டுக்காக அல்ல.

ரிவெட் விஷயத்தில் கண்மூடித்தனம் இல்லை. துளை போட்டதும் இரு பக்கமும் பிசிர் எடுக்கிறேன். அடித்த பிறகு, பின்பக்கம் நசுங்கிய தலை ரிவெட் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். அதற்கென்று சின்ன கேஜ் உண்டு. குறைந்தால் டிரில் பண்ணி எடுத்துவிட்டு வேறு போடுகிறேன். ஒரு சுக்கானில் மட்டும் 19 ரிவெட்டுகளை இப்படி எடுத்தேன். வேறு கண் கேட்டீர்கள். 1953இல் விஸ்கான்சினில் பால் போபெரெஸ்னி தொடங்கிய, வீட்டில் விமானம் கட்டுவோர் சங்கத்தின் ஆலோசகர், தானும் விமானம் கட்டிய ஒரு பெரியவர், கட்டணம் இல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இறக்கையை மூடுவதற்கு முன்னால் அவர் டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் மூடவில்லை.

ஜார்ஜியா வாசி:
இரண்டு பேரும் விமானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கணவர் ஒன்பது வருஷம் கட்டினார். பையனின் ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை சனி, ஞாயிறு எல்லாம் கராஜுக்குப் போயிற்று. கடைசியில் பாதியில் நின்றதை விற்றோம். கிட் வாங்குவதோடு செலவு முடியாது தம்பி, இன்ஜினும் கருவிகளும் அதற்கு மேல். மகளை என்றோ ஒருநாள் ஏற்றுவது இருக்கட்டும், இன்று அவள் எங்கே இருக்கிறாள்?

ஆஸ்டின் ரிவெட்:
அக்கா, இது வலித்தது. உண்மையும் கூட. அவளுக்கு இப்போது பதினொன்று. ரிவெட் துப்பாக்கியை நான் பிடித்தால் பின்னால் இரும்புக் கட்டியைப் பிடிப்பவள் அவள்தான், ஆனால் அவள் வராத நாட்கள்தான் அதிகம். இனி ஞாயிறுகளில் கராஜைத் திறப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

பழைய ஹேங்கர்:
பெங்களூரில் 31 வருஷம் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். ரிவெட்டைப் பற்றியே இவ்வளவு பேசுகிறீர்கள், பெட்ரோல் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் கவலை.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். ஓட்டியது பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி, வேறொருவர் கட்டியதை அவர் வாங்கியிருந்தார். டேங்க் மாற்றும் வால்வை வரைபடம் காட்டிய இடத்தில் வைக்காமல், கட்டியவர் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். திரும்பி, கையை வளைத்துத்தான் அதைத் திருப்ப முடியும். அப்படித் திரும்பும்போது கால் பெடலை அமுக்கிவிடும். பெட்ரோலும் குறைவு, அந்த விமானத்தில் அவருக்குப் பழக்கமும் குறைவு.  முக்கியமான தப்பு, வால்வை வைத்த இடம்.

கோவைக்காரரே, நீங்கள் தேடுவது மோசமான பீஸ். இங்கே ஆளைக் கொன்றது அதை வைத்த இடம். தம்பி, உங்கள் கிட்டின் வரைபடத்தில் இல்லாத எதையாவது செய்திருக்கிறீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆஸ்டின் ரிவெட்:
ஒன்று செய்ய இருந்தேன் சார். பெட்ரோல் ஃபில்டரை இன்ஜின் பக்கம் தள்ளி வைத்தால் சுத்தம் செய்வது சுலபம் என்று நினைத்தேன். ஓட்டை இன்னும் போடவில்லை.

பழைய ஹேங்கர்:
போடாதீர்கள். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியானால் பம்ப் ஆவியை இழுக்காது. பறப்பதற்கு முன்னால் ஒரு வேலை கண்டிப்பாகச் செய்யுங்கள். மூக்கை ஏற்றத்துக்கு உரிய கோணத்தில் தூக்கி நிறுத்தி, இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, நிமிஷத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். பம்ப் வைத்த விமானத்தில், முழு வேகத்தில் இன்ஜின் குடிப்பதைப் போல 125 சதவீதம் வர வேண்டும். இரண்டு டேங்கிலும் தனித்தனியாக, பெட்ரோல் அடியில் கிடக்கும்போதும் பாருங்கள்.

கோவை லேத்:
படத்தை மீறாதே என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மகளை எப்போது ஏற்றுவீர்கள்?

ஆஸ்டின் ரிவெட்:
முதல் சோதனைப் பறப்புகள் முடியும் வரை சட்டமே பயணியை ஏற்ற விடாது, வழக்கமாக அது 40 மணி நேரம். சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் 25 மணி. என் கணக்கு 100 மணி நேரம். அதற்குப் பிறகும் அவள் அம்மா சரி என்றால்தான்.

கோவை லேத்:
100 என்பதை மதிக்கிறேன், ஆனாலும் என் மகளாக இருந்தால் ஏற்ற மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016இல் கண்காட்சியில் வைத்ததை நாடே பார்த்தது. பதிவு எண் வர 2017, பறக்க அனுமதி வர 2019. நாளைக்கே எனக்கு ஆசை வந்தாலும் இங்கே என்னால் முடியாது. உங்களுக்கு வாய்த்திருக்கிறது, பிழை விடாமல் செய்யுங்கள். இப்போது எந்த வேலையில் நிற்கிறீர்கள்?

ஆஸ்டின் ரிவெட்:
இடது டேங்க். சீலன்ட் போட்டு முடித்தாயிற்று, கையெல்லாம் இன்னும் அந்தப் பிசின்தான். வழக்கமான சோதனைதான்: எல்லா வாயையும் அடைத்து, காற்றுக் குழாயில் ஒரு பலூனைக் கட்டி லேசாகக் காற்றேற்றியிருக்கிறேன். காலையிலும் பலூன் இதே அளவில் நின்றால் ஒழுக்கு இல்லை.

கோவை லேத்:
கராஜில் தெர்மாமீட்டர் இருந்தால் இப்போது எத்தனை டிகிரி என்று எழுதி வையுங்கள். விடியற்காலைக் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பலூனும் தளரும். அதைப் பார்த்து ஒழுக்கு என்று டேங்கைப் பிரித்துவிடாதீர்கள். அதே சூடு திரும்பிய பிறகு பாருங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு ரிவெட்டாக.