பழைய வீட்டுப் புல்வெளிக்கு ஸ்பிரிங்க்ளர்: மூன்று மதிப்பீடுகள், மூன்று விலைகள்

முல்லைக்கொடி கேட்கிறார்:

வணக்கம். டாலஸ் நகரின் வடக்குப் பகுதியில் 1983இல் கட்டிய வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். சமையலறையையும் பள்ளி தூரத்தையும் பார்த்த நாங்கள் தோட்டத்தைப் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் புல் இருக்கிறது, ஸ்பிரிங்க்ளர் இல்லை. இந்த ஜூன் மாதம் முழுவதும் வேலை முடிந்து வந்து ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். நான் வரத் தாமதமான ஒரு நாள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் தாமே குழாயை இழுத்துப்போய், ஈரமான படியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியது, நல்லவேளை எலும்பு முறியவில்லை. அன்று இரவே தெளிப்பான் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

முன்புறப் புல் ஏறக்குறைய 1,300 சதுர அடி. பின்புறம் 60 அடிக்கு 40 அடி. மூன்று கான்ட்ராக்டர்கள் வந்து பார்த்தார்கள்.

முதலாமவர் 3,200 டாலர் என்றார். 5 ஜோன், அதாவது தனித்தனியாக நீர் பாயும் 5 பகுதிகள். தொலைபேசிச் செய்தியில் ஒரே வரி. பெர்மிட் (நகராட்சி அனுமதி) வேண்டாம், அது வீண் செலவு என்கிறார்.

இரண்டாமவர் 5,100 டாலர். 7 ஜோன். பெர்மிட், நீர் பின்னோக்கித் திரும்பாமல் காக்கும் பேக்ஃப்ளோ தடுப்பான், மழைக்கும் உறைபனிக்கும் சென்சார் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாமவர் 7,400 டாலர். 9 ஜோன். கைபேசியில் இயக்கும் கன்ட்ரோலர்.

ஒரே மண்ணுக்கு எப்படி இத்தனை வித்தியாசம்? ஜோன் என்பதை எதை வைத்து எண்ணுகிறார்கள்? எங்கள் சேமிப்பில் 5,000 டாலர் இதற்காக ஒதுக்க முடியும். அதற்கு மேல் போனால் மாமியாரின் திரும்பும் பயணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் எழுதுகிறார்:

சகோதரி, முதலில் மாமியாரின் கையைக் கவனியுங்கள். வீக்கம் ஒரு வாரத்தில் வடியாவிட்டால் மறுபடியும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன். டாலஸுக்கு வந்த முதல் கோடையில் பின்வாசலைத் திறந்து தரையைப் பார்த்ததும் ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது. பாளம் பாளமாக வெடித்த கறுப்பு மண். இங்கே பிளாக்லேண்ட் பிரெய்ரி என்கிறார்கள். நம் கரிசலும் இதுவும் ஒரே இனம்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இந்த மண்ணைப் புரிந்துகொள்ளாமல் போடும் ஸ்பிரிங்க்ளருக்கு 3,000 கொடுத்தாலும் 7,000 கொடுத்தாலும் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும். நான் 2017இல் அப்படித்தான் 4,600 டாலர் கொடுத்தேன். ஆறு ஜோன். ஓடத் தொடங்கிய ஏழாவது நிமிடம் தண்ணீர் நடைபாதையில் வழிந்தது. புல்லின் வேர் காய்ந்தே கிடந்தது. அந்த வருத்தத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜோன் என்பதற்கு நம் ஊர் விளக்கமே போதும். கிணற்றுத் தண்ணீரைத் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பாய்ச்ச முடியாது. ஒரு பாத்திக்கு மடையைத் திறந்து, அது நிறைந்ததும் அடைத்து, அடுத்த பாத்திக்குத் திருப்புவோம். ஜோன் என்பது பாத்தி, வால்வு என்பது மடை, கன்ட்ரோலர் என்பது மண்வெட்டியோடு நிற்கும் ஆள். உங்கள் வீட்டுக் குழாய் நிமிடத்துக்கு எத்தனை கேலன் தருகிறதோ, அதுதான் ஒரு பாத்தியின் அளவைத் தீர்மானிக்கும். ஆகவே 5 கேலன் வாளி ஒன்றை வெளிக்குழாயின் கீழ் வைத்து, முழுக்கத் திறந்து, நிறைய எத்தனை வினாடி என்று பாருங்கள். 30 வினாடி என்றால் நிமிடத்துக்கு 10 கேலன். மீட்டருக்கு அருகில் அளந்தால் இன்னும் கூடுதலாகவே கிடைக்கும். கான்ட்ராக்டர் அங்கேதான் அளக்க வேண்டும். உங்களிடம் வந்த மூவரில் யார் தண்ணீரின் அளவையும் அழுத்தத்தையும் அளந்தார்கள்? யாருமே அளக்கவில்லை என்றால், 5, 7, 9 என்று மூவரும் சொன்னது வெறும் ஊகம்.

இப்போது கணக்கு. சாதாரண ஸ்பிரே தலைகள், அதாவது நீர் பீச்சும் முனைகள், 15 அடி வரை பீச்சும். ஒரு தலை பீச்சும் நீர் அடுத்த தலை வரை எட்ட வேண்டும், இல்லையென்றால் நடுவில் பழுப்புத் திட்டுகள் விழும். உங்கள் பின்புறத்துக்கு அப்படி வைத்தால் 20 தலைகள்: மூலைகளில் 4, ஓரங்களில் 10, நடுவில் 6. கால்வட்டத் தலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.9 கேலன் குடிக்கும், அரைவட்டம் 1.85, முழுவட்டம் 3.7. கூட்டினால் 44 கேலன் வருகிறது. 10 அல்லது 11 கேலன் தரும் குழாயில், கொஞ்சம் மிச்சம் வைத்துப் பிரித்தால் பின்புறத்துக்கு மட்டுமே 5 ஜோன் ஆகிவிடும். ஒவ்வொரு ஜோனுக்கும் ஒரு வால்வு, ஒரு தனிக் குழாய், ஒரு ஒயர், கூடுதல் பள்ளம். செலவு அங்கேதான் ஏறுகிறது.

அதே இடத்தில் சுழலும் பல்தாரை நாசில்களைப் போட்டால் நிலைமை மாறும். ஹன்டர் நிறுவனத்தின் எம்.பி. ரொட்டேட்டர் போன்றவை மணிக்கு 0.4 அங்குல உயர நீர்தான் தரும். ஸ்பிரே தலையோ மணிக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கொட்டும். பின்புறம் முழுவதும் சேர்ந்தே 10 கேலன்தான் கேட்கும், ஆகவே 2 ஜோன் போதும். நாசிலின் விலை அதிகம். எனக்கு ஒன்று 9 டாலர் ஆனது, ஸ்பிரே நாசில் 2 டாலர்தான். ஆனால் மூன்று வால்வுகளும் அவற்றுக்கான பள்ளங்களும் மிச்சம். ஓடும் நேரம் கூடும்: அரை அங்குலம் நனைக்க 75 நிமிடம். அதையும் தொடர்ச்சியாக ஓட்டாதீர்கள். 25 நிமிடம் ஓடட்டும், ஒரு மணி நேரம் நிறுத்தி மண் உறிஞ்ச விடுங்கள், பிறகு மறுபடியும் 25, இப்படி மூன்று முறை. கரிசல் மெல்லத்தான் குடிக்கும். குடித்தபின் எளிதில் விடாது. மானாவாரியில் பருத்தி போட்ட என் அப்பாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தூறல் நின்று பெய்தால் முகம் மலர்வார், கொட்டித் தீர்த்தால் ஓடைக்குப் போயிற்று என்பார். நான் சொல்வதும் அதே கணக்குத்தான்.

டாலஸில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தெளிப்பான் ஓட்டலாம். 2012இலிருந்து இது நிரந்தர விதி. வீட்டு எண் இரட்டைப்படை என்றால் ஞாயிறும் வியாழனும், ஒற்றைப்படை என்றால் சனியும் புதனும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஓட்டக்கூடாது. விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கினால் எல்லா ஜோன்களும் முடிந்துவிடும். வாரம் ஓர் அங்குலம் என்றால் உங்கள் 3,700 சதுர அடிக்கு ஏறக்குறைய 2,300 கேலன். தண்ணீர்க் கட்டணம் பயன்பாடு கூடக் கூட வீதமும் கூடும் வகையில் இருப்பதால், இதை மாதக் கணக்கில் இப்போதே சேர்த்துப் பாருங்கள்.

அந்த 3,200 டாலர்காரரை விட்டுவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தெருவில் பெரிய குழாய் உடைந்தாலோ தீயணைப்புக்கு நீர் எடுத்தாலோ அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்போது உங்கள் புல்வெளிக் குழாயில் நிற்கும் உரமும் பூச்சிமருந்தும் கலந்த நீர் பின்னோக்கி இழுபட்டுக் குடிநீரில் சேரலாம். பேக்ஃப்ளோ தடுப்பான் அதற்காகத்தான். பெர்மிட் இருந்தால்தான் அதைப் போட்டார்களா, சோதித்தார்களா என்று நகராட்சி பார்க்கும். டெக்சஸில் இந்த வேலைக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தர ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிம எண் 'எல்.ஐ.' என்று தொடங்கும், வண்டியின் இருபுறமும் இரண்டு அங்குல உயரத்தில் எழுதியிருக்க வேண்டும். அவர் வண்டியில் அது இருந்ததா? மற்ற இருவரிடமும் கேளுங்கள்: தடுப்பான் சோதனை விலையில் சேர்ந்ததா, குழாயின் மேல் குறைந்தது 6 அங்குல மண் மூடுமா, வேலை முடிந்ததும் பதித்த குழாய்களின் வரைபடம் தருவார்களா. அந்த வரைபடத்தைப் பத்திரமாக வையுங்கள். 2021 பிப்ரவரி உறைபனியில் என் வால்வு ஒன்று வெடித்தபோது, அது எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் தோண்டினேன்.

தச்சுமரம் எழுதுகிறார்:

நான் இர்விங்கில் சொந்தக் கையாலேயே போட்டேன். சொந்த வீட்டுக்கு உரிமம் வேண்டியதில்லை, ஆனால் பெர்மிட் வாங்கித்தான் ஆக வேண்டும். பொருள்களுக்கு 1,350 டாலர், பள்ளம் வெட்டும் இயந்திர வாடகை இரண்டு நாளுக்கு 310, தடுப்பானைச் சோதிக்க 90. பெர்மிட் கட்டணம் தனி. ஐந்து வார இறுதிகள் போயின. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஐந்து வார இறுதிகள் என்பது சிறிய விலை அல்ல. என் மனைவி இன்னமும் அதைச் சொல்கிறார், அவர் சொல்வது நியாயம்தான்.

தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை. எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் குழாய்கள் போகும் தடத்தில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் முந்தைய வீட்டுக்காரர் தாமாகப் பதித்தவை அதில் வராது. தோட்ட விளக்குக்காக யாரோ புதைத்த மின்கம்பியை நான் வெட்டினேன். அப்போது மின்சாரம் ஓடாததால் தப்பித்தேன்.

இன்னொன்று. வால்வுப் பெட்டிக்குள் ஒயர்களைச் சாதாரண இணைப்பான் போட்டு முறுக்கினேன். எட்டே மாதத்தில் ஈரம் ஏறிப் பச்சை பிடித்து இரண்டு ஜோன்கள் நின்றுவிட்டன. பசை நிரப்பிய நீர்புகா இணைப்பான்தான் வேண்டும். ஆளை வைத்துச் செய்தாலும் இதைத் திறந்து பாருங்கள், உபரியாக ஓர் ஒயர் விடச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் அண்ணாச்சி சொன்ன சுழல் நாசில்கள் பற்றி எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பள்ளம் வெட்டியிருக்க மாட்டேன்.

பெரியகுளத்து நாவல் எழுதுகிறார்:

அம்மா, பின்புறத்தில் பெரிய மரம் எதுவும் இருக்கிறதா? அதன் நிழலில் பெர்முடா புல் வளராது. எத்தனை தண்ணீர் விட்டாலும் வளராது. அந்த இடத்துக்குக் குழாய் பதிக்கவே வேண்டாம். மரச்சிராய் பரப்பி, நிழல்செடிகள் வைத்து, சொட்டுநீர்க் குழாய் ஒன்று விட்டால் போதும். நான் ஆஸ்டினில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். 700 சதுர அடிப் புல்லை அப்படித்தான் எடுத்தேன்.

அவசரம் இல்லையென்றால் நவம்பர் வரை பொறுங்கள். எனக்கு ஜூனில் சொன்ன விலையிலிருந்து நவம்பரில் 500 டாலர் குறைத்தார்கள், அப்போது அவர்களுக்கு வேலை குறைவு. அதுவரை குழாய்முனையில் திருகும் டைமர் ஒன்றும் தரையில் கிடக்கும் கசிவுக் குழாயும் வாங்கிப் போடுங்கள். மாமியார் குழாயைத் தூக்க வேண்டியிருக்காது. வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டியும் ஒரு சுற்று விடுங்கள். இந்த மண் சுருங்கும்போது சுவரும் விரிசல் விடும்.

முல்லைக்கொடி எழுதுகிறார்:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா, வாளி 27 வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 11 கேலன். என் மகன்தான் கடிகாரம் பார்த்தான். மூன்று முறை அளந்தோம்.

முதலாமவரிடம் உரிம எண் கேட்டேன். அதன்பிறகு பதில் இல்லை. மூன்றாமவர் 9 ஜோனைக் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டாமவர் சனிக்கிழமை மறுபடியும் வந்து, மீட்டருக்கு அருகில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்தார். சுழல் நாசில்கள் பற்றிச் சொன்னதும், "பெரும்பாலோர் தலைகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள், அதனால் நான் சொல்வதில்லை" என்றார். பெரியவர் சொன்னது போலவே வேலி ஓரம் ஓக் மரம் ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் ஏறக்குறைய 500 சதுர அடியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். புதிய மதிப்பீடு: பின்புறம் 2 ஜோன், முன்புறம் 1, அஸ்திவாரத்தைச் சுற்றியும் மரத்தடியிலும் சொட்டுநீருக்கு 1. பெர்மிட், தடுப்பான், சோதனை, சென்சார்கள், வரைபடம் எல்லாம் சேர்த்து 4,250 டாலர். எழுதி வாங்கிவிட்டேன்.

நவம்பர் வரை பொறுத்தால் இன்னும் குறையலாம் என்று தெரியும். ஆனால் மாமியார் அக்டோபரில் ஊர் திரும்புகிறார், அதற்குள் ஒருமுறையாவது தெளிப்பான் ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கசிவுக் குழாயும் டைமரும் நேற்றே போட்டுவிட்டேன். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது. அவர் வைத்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு மட்டும் எந்தக் குழாயும் வேண்டாம், காலையில் செம்பில் தானே ஊற்றுவேன் என்கிறார்.