குடும்ப மருத்துவர்களுக்கு ஸ்கேன் பயிற்சி: எதில் தொடங்கலாம்?

கேள்வி: ஊர்_கிளினிக்

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் எம்பிபிஎஸ் முடித்து பிராக்டிஸ் செய்யும் ஆறு பேருக்கு அல்ட்ராசவுண்ட் பயிற்சி ஏற்பாடு செய்கிறோம். 13 ஞாயிறு, வாரம் 3 மணி நேரம். மெஷின் ஒன்றுதான்; கன்வெக்ஸ் (வளைந்த முனை), லீனியர் (நேரான முனை) என உடலில் வைத்துப் பார்க்கும் ப்ரோப் இரண்டு. பித்தப்பை, கிட்னி, நுரையீரல், இதயம் என எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்கிறார்கள் சிலர். எதை முதலில் எடுப்பது? எத்தனை ஸ்கேன் செய்தபின் ஒருவரைத் தனியாக விடலாம்?

பதில்: சோனாலஜி_20

முதலில் கணக்குப் போடுங்கள் டாக்டர். அமெரிக்க அவசர மருத்துவர்கள் சங்கம் ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50 வரை செய்து பழகச் சொல்கிறது. ஆறு பேருக்கு 25 வீதம் என்றாலே ஒரு வகைக்கு 150. உங்களிடம் இருப்பது 39 மணி நேரம். ஸ்கேனுக்கு 8 நிமிடம் என்றால் 290 சொச்சம்தான் வரும். ஆக இரண்டு பாடம். அதற்கு மேல் சேர்த்தால் எதுவும் கையில் நிற்காது. இதயம் இப்போது வேண்டவே வேண்டாம்.

‘ஆம், இல்லை’ என்று பதில் வரும் கேள்வியாகப் பாருங்கள். என் சிபாரிசு: சிறுநீர் அடைப்பு, காலில் ரத்தக்கட்டு (சிரைக்குள் ரத்தம் உறைந்து நிற்பது).

சிறுநீர்ப்பைக்கு கன்வெக்ஸ் ப்ரோப். அடிவயிற்று எலும்புக்கு நேர் மேலே குறுக்காக வைத்து, ஒலி கால் பக்கம் போகும்படி சாய்க்க வேண்டும். அகலமும் முன்பின் அளவும் எடுத்து, ப்ரோப்பை 90 டிகிரி திருப்பி நீளத்தை எடுங்கள். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் மி.லி. கிடைக்கும். 8 × 7 × 6 செ.மீ. என்றால் சுமார் 175 மி.லி. சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு மீதம் என்று பார்ப்பதானால், கழித்துவிட்டு வந்ததும் உடனே அளக்க வேண்டும். அரை மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்தால் மறுபடி நிரம்பிவிடும், அளவு பொய்யாகும்.

அதிகம் ஏமாறுவது இரண்டு இடத்தில். பெரிய சினைப்பைக் கட்டியைச் சிறுநீர்ப்பை என்று எடுத்துக்கொள்வது. சிறுநீர் போன பிறகும் அளவு மாறாவிட்டால் சந்தேகப்படுங்கள். மற்றது, பை முட்ட நிரம்பியிருக்கும்போது கிட்னியும் லேசாக விரிந்து தெரியும். காலி செய்த பிறகு இன்னொரு தடவை பார்க்காமல் ‘கிட்னி வீக்கம்’ என்று எழுதக் கூடாது.

எண்ணிக்கையை விட முக்கியம்: ஒவ்வொரு படத்தையும் சேமித்து, தன் முடிவை முதலில் எழுதிவிட்டு, பிறகே ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டுடன் ஒப்பிட வேண்டும். 25-உம் நார்மலாகவே அமைந்தால் அது பயிற்சி ஆகாது.

பதில்: படிவம்_எஃப்

சட்டத்தை யாரும் சொல்லவில்லை. ‘கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவதில்லை, சிறுநீர்ப்பை மட்டும்தான்’ என்றாலும் விலக்கு இல்லை. கருவைக் காட்டக்கூடிய மெஷின் என்றால் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருட பிசிபிஎன்டிடி சட்டப்படி இடத்துக்குப் பதிவு வேண்டும். பதிவு இல்லாத இடத்துக்குக் கம்பெனி மெஷின் விற்கவும் கூடாது. போர்ட்டபிள் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போகும் எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கு 2014 விதிகள் கேட்பது 300 மணி நேர, ஆறு மாதப் பயிற்சி. ஞாயிறு வகுப்பு அதற்கு ஈடாகாது, கைப்பழக்கத்துக்கு மட்டும்தான். வகுப்பையும் பதிவுள்ள மையத்திலேயே நடத்துங்கள்.

ஊர்_கிளினிக்

நன்றி சார். பதிவுள்ள மையத்திலேயே வைத்துக்கொள்கிறோம். காலுக்கு கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வசதி) கட்டாயமா?

பதில்: சோனாலஜி_20

வேண்டாம், அழுத்திப் பார்த்தாலே போதும். தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தினால் சிரை நிரம்பி நன்றாகத் தெரியும். முழங்காலை லேசாக மடக்கி வெளிப்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். லீனியர் ப்ரோப்பைக் குறுக்காகப் பிடித்து, தொடை இடுக்கிலிருந்து 1 முதல் 2 செ.மீ. வீதம் இறங்கி, ஒவ்வொரு இடத்திலும் நேர் கீழாக அழுத்துங்கள். பிறகு முழங்காலின் பின்பக்கம். பக்கத்துத் தமனி நசுங்கத் தொடங்கும் அளவு அழுத்தியும் சிரையின் சுவர்கள் ஒட்டவில்லை என்றால் ரத்தக்கட்டு.

சாய்த்து அழுத்தினால் சிரை நழுவிப் போய், மூடாதது போலத் தெரியும். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. நெறிகட்டியும் ரத்தக்கட்டு போலவே இருக்கும். மேலும் கீழும் நகர்த்துங்கள்: நெறி முடிந்துவிடும், சிரை தொடரும். இரண்டு இடமும் சுத்தமாக மூடினாலும் கெண்டைக்கால் சிரையில் இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுக்கப் பழக்குங்கள்.